அடிக்கு முன்னாடி வந்த சத்தம்

உங்க வீட்டுல இறந்துபோன யாரோட குரலாவது, பாட்டாவது, சிரிப்பாவது எங்கேயாவது பதிவாகி இருக்கா? இருந்தா, அது எந்த ஃபைல்ல இருக்கு? அந்த ஃபைல் எத்தனை கே.பி.பி.எஸ்.?

முதல் ரெண்டு கேள்விக்கும் டக்குனு பதில் சொல்லிட்டு மூணாவதுல முழிக்கிறீங்க, இல்ல? நானும் முழிச்சேன். நான் படிச்சது எலெக்ட்ரானிக்ஸ் அண்ட் கம்யூனிகேஷன். சிக்னல் ப்ராசஸிங் பேப்பர்ல அரியர்கூட வைக்கலை. அப்படிப்பட்ட நான் பண்ணின ஒரு காரியத்தைத்தான் இப்போ உங்ககிட்ட சொல்லப் போறேன். சிரிக்கிறதுன்னா சிரிச்சுக்கோங்க.

2003. காலேஜ் ஹாஸ்டல், மூணாவது வருஷம். எங்க ரூம்ல நாலு பேர், ஒரே ஒரு அசெம்பிள்டு கம்ப்யூட்டர், அதுல 20 ஜி.பி. ஹார்டு டிஸ்க். அதை நாலு பார்ட்டிஷனா போட்டு, ஆளுக்கொரு டிரைவ்னு பாகப்பிரிவினை பண்ணி வெச்சிருந்தோம். எதிர் ரூம்காரன் எங்கிருந்தோ ஒரு சி.டி. கொண்டுவந்தான். ஒரே சி.டி.யில 150 பாட்டு! சாதாரண ஆடியோ சி.டி.யில பதினஞ்சு பாட்டு வர்றதே பெரிசு. "எப்படிடா?"ன்னு கேட்டா "எம்.பி.3 மச்சான்"னு கெத்தா சொன்னான். அன்னிலேர்ந்து எங்க புளோருக்கே அந்த வியாதி தொத்திக்கிச்சு. யார் கேசட் கொண்டுவந்தாலும், சி.டி. கொண்டுவந்தாலும் அதை எம்.பி.3 ஆக்கித் தர்ற 'டாக்டர்' நான்தான். கூலி ஒரு டீ, ஒரு பஃப்ஸ்.

அந்த வருஷம் பொங்கல் லீவுக்கு ஊருக்குப் போனப்போ அப்பா ஒரு கேசட்டை எடுத்துக் கொடுத்தார். 90 நிமிஷ கேசட். எங்க ஊர் கும்பகோணம் பக்கம். தாத்தா தவில் வித்வான். பெரிய பேர் வாங்கினவர்னு சொல்ல முடியாது. சுத்துவட்டாரக் கோயில்கள்ல தெரிஞ்ச கை, அவ்வளவுதான். ரேடியோவுல வாசிச்சதில்லை, கேசட் போட்டதில்லை. 1986-ல ஒரு கோயில் திருவிழாவுல மைக்செட்காரர் பதிவு பண்ணின அந்த ஒரே கேசட்தான் அவர் வாசிச்சதுக்கு சாட்சி. 1991-ல தாத்தா போயிட்டார். "நீதான் கம்ப்யூட்டர்ல ஏத்துறியாமே, இதையும் ஏத்திடு"ன்னார் அப்பா.

ஏத்தினேன். டேப் ரெக்கார்டர்லேர்ந்து ஒரு வயரைப் போட்டு கம்ப்யூட்டர்ல சொருகி, ஒன்றரை மணி நேரம் ஓடவிட்டு, எம்.பி.3 ஆக்குற சாஃப்ட்வேர்ல என்ன தரம் வேணும்னு கேட்டப்போ, 32 கே.பி.பி.எஸ்., மோனோன்னு கொடுத்தேன். பேச்சு பதிவு பண்றதுக்குன்னு வெச்சிருக்கிற செட்டிங் அது. ஏன் கொடுத்தேன்? என் டிரைவ்ல இடம் இல்லை. சினிமாப் பாட்டெல்லாம் 128-ல இருந்துச்சு, அதைக் குறைக்க மனசு வரலை. தாத்தா தவில்தானே, சும்மா 'டம் டம்'தானே, போதும்னு நினைச்சேன். ஒன்றரை மணி நேரக் கச்சேரி 21.6 எம்.பி.யில முடிஞ்சுபோச்சு. எனக்கே என் திறமை மேல பெருமை தாங்கலை.

கதை இதோட நின்னிருந்தா பரவாயில்லை. அடுத்த மாசம் இண்டஸ்ட்ரியல் விசிட். பஸ்ல கேசட் பிளேயர் மட்டும்தான் இருக்குன்னு டிரைவர் அண்ணன் சொல்லிட்டார். ராத்திரி பதினோரு மணிக்கு காலி கேசட்டுக்கு எங்க போறது? தாத்தா கேசட் மேஜை மேலயே கிடந்துச்சு. கேசட்டோட முதுகுல ரெண்டு குட்டி பிளாஸ்டிக் பல்லு இருக்கும். அதை உடைச்சுட்டா அதுக்கு மேல யாரும் ரெக்கார்ட் பண்ண முடியாது. யாரோ அக்கறையா அதை உடைச்சு வெச்சிருந்தாங்க. நான் அந்த ஓட்டையில செல்லோ டேப்பை ஒட்டினேன். ரெண்டு பக்கமும் குத்துப்பாட்டு. பஸ்ல செம ஆட்டம்.

'அதான் கம்ப்யூட்டர்ல இருக்கே'. அந்த ராத்திரி என் மனசுல ஓடினது இது ஒண்ணுதான்.

இப்ப 2019-க்கு வருவோம். பெரியப்பாவுக்கு எழுபது தாண்டிடுச்சு. அவரும் தவில்தான், அந்த 1986 கச்சேரியில தாத்தா பக்கத்துல உட்கார்ந்து ரெண்டாவது தவில் வாசிச்சவர் அவர்தான். சென்னைக்கு வந்திருந்தார். நான் அப்போதான் சம்பாதிச்ச காசுல நல்லதா ஒரு ஹெட்போன் வாங்கியிருந்தேன். "பெரியப்பா, தாத்தாவைக் கேக்குறீங்களா?"ன்னு அவர் காதுல மாட்டிவிட்டேன். கண்ணை மூடிக்கிட்டார். ரெண்டு நிமிஷம் இருக்கும். முகம் சுருங்குச்சு. ஹெட்போனைக் கழட்டினார்.

"தம்பி, இதுல அடி விழுறதுக்கு முன்னாடியே சத்தம் வருதேடா. அப்பா கை அப்படி இல்லையே. தொப்பிப் பக்கம் தண்ணிக்குள்ள அடிச்ச மாதிரி இருக்கு. வலந்தலையில நாதமே காணோம்."

அடி விழுறதுக்கு முன்னாடி சத்தம் எப்படி வரும்? வயசாயிடுச்சு, காது கொஞ்சம் மந்தம்னு நினைச்சேன். அன்னிக்கு ராத்திரி அந்த ஃபைலைத் திறந்து, அலை வடிவத்தைப் பெரிசு பண்ணிப் பார்த்தேன். ஒவ்வொரு அடிக்கும் முன்னாடி, அமைதியா இருக்க வேண்டிய இடத்துல, புழுதி மாதிரி ஒரு 'ஷ்ஷ்'. மனுஷன் சரியாத்தான் சொல்லியிருக்கார்! எழுபது வயசுல, எந்தப் படிப்பும் இல்லாம, இன்ஜினீயர்கள் 'ப்ரீ-எக்கோ'ன்னு பேர் வெச்ச ஒரு குறையை ரெண்டு நிமிஷத்துல கண்டுபிடிச்சுட்டார். நான் பதினாறு வருஷமா அதைக் கேட்டுட்டு 'சூப்பர்'னு சொல்லிட்டிருந்தேன்.

எங்கே தப்பு நடந்துச்சுன்னு புரியணும்னா சி.டி.யிலேர்ந்து வரணும். சத்தம்ங்கிறது காத்துல வர்ற அலை. அந்த அலையோட உயரத்தை ஒரு விநாடிக்கு 44,100 தடவை அளந்து எழுதி வெச்சிக்கிறதுதான் சி.டி. நம்ம காது 20 ஹெர்ட்ஸ்லேர்ந்து மிஞ்சிப்போனா 20,000 ஹெர்ட்ஸ் வரைக்கும் கேக்கும். ஒரு அலையை ஒழுங்காப் பிடிக்கணும்னா அதைவிட இரு மடங்குக்கு மேல வேகமா அளக்கணும். அதனாலதான் 40,000-த்தைத் தாண்டின ஒரு நம்பர். அது சரி, அதென்ன குறிப்பா 44,100? ஆரம்ப காலத்துல டிஜிட்டல் ஆடியோவைப் பதிவு பண்ண வீடியோ டேப்பைத்தான் பயன்படுத்தினாங்க. ஒரு வீடியோ கோட்டுக்கு 3 சாம்பிள், 245 கோடு, விநாடிக்கு 60 தடவை. பெருக்கிப் பாருங்க. இப்படி ஒரு வீடியோ டேப்போட கணக்கு 1982-ல வந்த சி.டி.க்குள்ள போய், நேத்து ரிலீஸான பாட்டு வரைக்கும் ஒட்டிக்கிட்டே வருது!

ஒவ்வொரு அளவுக்கும் 16 பிட், அதாவது 65,536 படிகள்ல ஏதோ ஒண்ணு. ரெண்டு காதுக்கும் சேர்த்தா விநாடிக்கு 14,11,200 பிட். அஞ்சு நிமிஷப் பாட்டு ஒண்ணு சுமார் 53 எம்.பி. அந்தக் காலத்து 56 கே மோடம்ல அதை இறக்கணும்னா, லைன் ஒரு தடவைகூட கட் ஆகலைன்னாலும், ரெண்டு மணி நேரத்துக்கு மேல. பிரவுசிங் சென்டர்ல மணிக்கு முப்பது ரூபா கொடுத்துட்டு உட்கார்ந்தவங்களுக்கு அந்த வலி புரியும்.

இதைச் சுருக்கியே ஆகணும்னு முதல்ல மண்டையைக் குடைஞ்சவங்க ஜெர்மனியில எர்லாங்கன் ஊர்க்காரங்க. அங்க யுனிவர்சிட்டியில டீட்டர் சைட்சர்னு ஒரு புரொபசர். டெலிபோன் லைன் வழியா நல்ல தரத்துல இசையை அனுப்பணும்னு அவருக்கு ஆசை. பேட்டன்ட் கேட்டுப் போனா, இது நடக்கவே நடக்காதுன்னு சொல்லிட்டாங்களாம். புரொபசர் என்ன பண்ணுவார்? எல்லா புரொபசரும் பண்றதைத்தான் பண்ணினார். ஒரு பி.எச்டி. ஸ்டூடண்ட்டைப் பிடிச்சு அவர் தலையில கட்டினார். அந்த ஸ்டூடண்ட் கார்ல்ஹைன்ஸ் பிராண்டன்பர்க். 1989-ல அவர் தீசிஸ் முடிஞ்சுது. எர்லாங்கன்ல இருக்கிற ஃப்ரான்ஹோஃபர் ஆராய்ச்சி நிலையமும் இன்னும் சில இடங்கள்ல இருந்தவங்களும் சேர்ந்து உழைச்சதுதான் எம்.பி.3. 'டாட் எம்.பி.3'ங்கிற அந்த வால் பேரை அவங்களுக்குள்ள ஓட்டெடுப்பு நடத்தி முடிவு பண்ணின நாள் 1995 ஜூலை 14.

ஐடியா என்னன்னா, ஃபைலை ஏமாத்த முடியாது, காதை ஏமாத்தலாம்!

வீட்டுல மிக்ஸி ஓடிட்டிருக்கு. அம்மா "கடைக்குப் போய் தேங்காய் வாங்கிட்டு வா"ங்கிறாங்க. "கேக்கலைம்மா"ன்னு சொல்வீங்களே, அது எப்பவும் பொய்னு சொல்ல முடியாது. ஒரு பெரிய சத்தம், தன் அலைவரிசைக்குப் பக்கத்துல இருக்கிற சின்னச் சத்தங்களை நம்ம காதுலேயே மறைச்சுடும். அந்தச் சின்னச் சத்தம் காத்துல இருக்கும், காதுக்குள்ளகூட வந்திருக்கும், ஆனா மூளைக்குப் போய்ச் சேராது. இதுக்கு 'மாஸ்கிங்'னு பேரு. பெரிய சத்தம் நின்னப்புறமும் நூறு மில்லி விநாடி அளவுக்கு அதோட நிழல் நீடிக்கும். இதுல ஆச்சரியம் என்னன்னா, பெரிய சத்தம் வர்றதுக்கு *முன்னாடி* இருக்கிற சத்தத்தையும் அது மறைக்கும்! ஆனா அந்த முன் நிழல் ரொம்பக் குட்டை. சில மில்லி விநாடிதான். இதை ஞாபகம் வெச்சிக்கோங்க, பெரியப்பா பிடிச்ச இடம் இதுதான்.

சரி, கேக்காததை எதுக்கு எழுதி வைக்கணும்? எம்.பி.3 பண்ற என்கோடர் பாட்டைக் குட்டித் துண்டுகளா வெட்டும். சி.டி. தரத்துல ஒரு துண்டு 1,152 சாம்பிள், சுமார் 26 மில்லி விநாடி. ஒவ்வொரு துண்டையும் எடுத்து, இதுல எந்தெந்த ஸ்ருதி எவ்வளவு எவ்வளவு இருக்குன்னு 576 பட்டைகளாப் பிரிக்கும். சாம்பாரைக் கொடுத்தா பருப்பு இவ்வளவு, புளி இவ்வளவுன்னு பிரிச்சுச் சொல்ற மாதிரி. அப்புறம் எந்தப் பட்டையில என்ன மறைஞ்சு போகும்னு கணக்குப் போட்டு, மறையுற இடத்துல முரட்டுத்தனமா ரவுண்ட் ஆஃப் பண்ணும். 97 ரூபா 38 பைசாவை 97-ன்னு வெச்சிக்கலாம், 100-ன்னும் வெச்சிக்கலாம். ரவுண்ட் ஆஃப் பண்ணினா தப்பு வரும், அந்தத் தப்பு இரைச்சலாக் கேக்கும். ஆனா அந்த இரைச்சல் பெரிய சத்தத்தோட நிழலுக்குள்ள ஒளிஞ்சுக்கும். குப்பையைக் கூட்டி பீரோவுக்குப் பின்னாடி தள்ளுற மாதிரி, விருந்தாளி கண்ணுக்குத் தெரியாது.

இந்தப் பட்டை பிரிக்கிற கணக்குக்குப் பின்னாடி ஒரு இந்தியர் இருக்கார், தெரியுமா? பெங்களூர்ல 1940-ல பிறந்த நசீர் அகமது. அமெரிக்காவுல கான்சாஸ் ஸ்டேட் யுனிவர்சிட்டியில வேலை பார்த்தப்போ, 1972-ல 'டிஸ்க்ரீட் கொசைன் டிரான்ஸ்ஃபார்ம்'னு ஒரு யோசனையை எழுதி அமெரிக்க தேசிய அறிவியல் அறக்கட்டளைகிட்ட பணம் கேட்டார். கொடுக்க முடியாதுன்னுட்டாங்க. யோசனை ரொம்ப 'சிம்பிளா' இருக்காம்! விடலை மனுஷன். தன்னோட பி.எச்டி. மாணவர் டி. நடராஜன், டெக்சாஸ்ல இருந்த கே.ஆர். ராவ், இவங்களோட சேர்ந்து 1974-ல பேப்பர் போட்டார். உங்க போன்ல இருக்கிற ஜேபெக் போட்டோ அதுலதான் ஓடுது. எம்.பி.3 பயன்படுத்துறது அதோட ஒரு வாரிசை.

கடைசியா ரவுண்ட் ஆஃப் பண்ணின எண்களை எழுதி வைக்கணும். அதுலயும் ஒரு சிக்கனம். அடிக்கடி வர்ற எண்ணுக்குக் குட்டிப் பேர், எப்பவாவது வர்ற எண்ணுக்கு நீளப் பேர். ஹாஸ்டல்ல தினமும் கூப்பிடுற பையனுக்கு ரெண்டெழுத்துப் பட்டப்பேர் வெச்சுட்டு, வருஷத்துக்கு ஒரு தடவை வர்ற சீஃப் கெஸ்ட்டை முழுப் பட்டத்தோட சொல்றோமே, அப்படி. இதைக் கண்டுபிடிச்ச டேவிட் ஹஃப்மன் அப்போ எம்.ஐ.டி.யில ஸ்டூடண்ட். 1951-ல அவங்க புரொபசர் ராபர்ட் ஃபானோ, ஃபைனல் எக்ஸாம் எழுதுறீங்களா, இல்லை இந்தப் பிரச்னைக்கு விடை கண்டுபிடிச்சு டேர்ம் பேப்பர் தர்றீங்களான்னு கேட்டார். எக்ஸாம்லேர்ந்து தப்பிக்க ஹஃப்மன் பேப்பரைப் பிடிச்சார். அதே பிரச்னையில ஃபானோவுக்கே முழு விடை கிடைக்கலைங்கிறதை புரொபசர் சொல்லலை! மாசக்கணக்கா முட்டி மோதி, சரி, எக்ஸாமுக்கே படிச்சிடலாம்னு நோட்ஸைத் தூக்கிப் போடப் போற நேரத்துல விடை கிடைச்சுது. எக்ஸாமுக்கு பயந்து நாமளும் எவ்வளவோ பண்ணியிருக்கோம், ஹூம்.

128 கே.பி.பி.எஸ்.ல சி.டி.யோட 11-ல ஒரு பங்குதான் மிஞ்சும். அதே அஞ்சு நிமிஷப் பாட்டு 4.8 எம்.பி. ஆனா இதெல்லாம் ஒரேயடியா வேலை செஞ்சிடலை. எல்லாம் முடிஞ்சுதுன்னு நினைச்ச சமயத்துல பிராண்டன்பர்க், சுசான் வேகாங்கிற அமெரிக்கப் பாடகியோட 'டாம்ஸ் டைனர்' பாட்டை அதுல போட்டுப் பார்த்தார். பக்கவாத்தியம் எதுவும் கிடையாது. ஒரே ஒரு பெண் குரல். கேக்கவே சகிக்கலையாம். அவ்வளவு பெரிய ஆர்க்கெஸ்ட்ராவை சமாளிச்ச சாஃப்ட்வேர் தனிக்குரல்ல மாட்டிக்கிச்சு. யோசிச்சா நியாயம்தான். குப்பையை மறைக்க அங்க பீரோவே இல்லையே! அந்தப் பாட்டைத் திரும்பத் திரும்பப் போட்டுத்தான் சாஃப்ட்வேரைத் திருத்தினாங்க.

அவங்களைப் படுத்தின இன்னொரு வில்லன் காஸ்டனெட்ஸ். ஸ்பெயின்காரங்க ஆடும்போது உள்ளங்கையில வெச்சுத் தட்டுற மரச்சில்லு. நிசப்தம், 'டக்', நிசப்தம். இப்படிப்பட்ட சத்தம் ஒரு துண்டோட கடைசியில விழுதுன்னு வெச்சிக்கோங்க. ரவுண்ட் ஆஃப் பண்ணினதுல வந்த இரைச்சல் அடி விழுந்த இடத்துல மட்டும் நிக்காது. துண்டு முழுக்க சமமாப் பரவும். அதாவது அடிக்கு முன்னாடி இருந்த நிசப்தத்துலயும் பரவும். அடிக்குப் பின்னாடி வர்ற அழுக்கை காது மன்னிச்சிடும், நிழல் நீளம். முன்னாடி வர்றதை மன்னிக்காது. இதுக்கு மருந்தும் கண்டுபிடிச்சாங்க. பெரிய அடி வரப்போகுதுன்னு தெரிஞ்சா என்கோடர் துண்டை மூணாப் பொடிசாக்கிக்கும், அந்த நேரத்துக்குக் கொஞ்சம் பிட்டை சேமிப்புலேர்ந்து எடுத்துச் செலவு பண்ணும். ஆனா அதுக்குக் கையில பிட் இருக்கணுமே!

இப்போ எங்க தாத்தாகிட்ட வாங்க. தவிலோட வலந்தலையை விரல்ல கூடு மாட்டிக்கிட்டு வாசிப்பாங்க. தொப்பியை பூவரசங்கழியால அடிப்பாங்க. சரசரன்னு தீர்மானம் விழும்போது அது நூறு காஸ்டனெட்ஸுக்குச் சமம். அதை வெச்சுக்கிட்டு நான் என்ன பண்ணியிருக்கேன்? 32 கே.பி.பி.எஸ். கொடுத்ததும் சாஃப்ட்வேர் சாம்பிள் எண்ணிக்கையை விநாடிக்கு 22,050-ஆக் குறைச்சிடுச்சு. அதனால 11,000 ஹெர்ட்ஸுக்கு மேல இருந்ததெல்லாம் அவுட். கூடு மாட்டின விரலோட 'கணீர்'ல ஒரு பகுதியும் அதோட போச்சு. சாம்பிள் பாதியானதால ஒரு துண்டு பிடிக்கிற நேரம் இரட்டிப்பாச்சு, இரைச்சல் பரவ இன்னும் வசதி. மோனோ சி.டி. தரத்தோட ஒப்பிட்டா 22-ல ஒரு பங்கு பிட் மட்டும்தான் அதுக்குச் சாப்பாடு. பட்டினி போட்டுட்டு ஓடச் சொன்னேன். மாஸ்கிங் கணக்கு, காதுக்குக் கேக்காததை மட்டும் தூக்கிப் போடுறதெல்லாம் பிட் தாராளமா இருக்கிற வரைக்கும்தான். பஞ்சம் வந்துட்டா கேக்குறதும் சேர்ந்து போகும்.

போனது போனதுதாங்க. இதை மட்டும் கொஞ்சம் அழுத்திச் சொல்லிடறேன், ஏன்னா இன்னிக்கும் நிறைய பேர் இந்தத் தப்பைப் பண்றாங்க. 128 ஃபைலை 320-ஆ 'கன்வெர்ட்' பண்ணினா சைஸ்தான் ஏறும், தரம் ஒரு துளி ஏறாது. சி.டி.யில எழுதினாலும் திரும்பி வராது. ஜெராக்ஸை எவ்வளவு காஸ்ட்லி பேப்பர்ல ஜெராக்ஸ் எடுத்தாலும் ஒரிஜினல் ஆகுமா? எம்.பி.3-லேர்ந்து மறுபடி எம்.பி.3 பண்ணினா இன்னும் மோசம். ஒவ்வொரு தடவையும் புதுசா ஒரு கை குப்பை விழும்.

அதுக்காக 'எம்.பி.3 குப்பை, ரெக்கார்டு பிளேயர்தான் இசை'ன்னு மீசையை முறுக்குற கோஷ்டியில என்னைச் சேர்த்துடாதீங்க. நல்ல என்கோடர்ல 256, 320 கொடுத்தா பெரும்பாலானவங்களால சி.டி.க்கும் அதுக்கும் வித்தியாசம் கண்டுபிடிக்க முடியாது. என்னாலயும் முடியலை. சந்தேகமா? ஒரே பாட்டை மூணு தரத்துல வெச்சிக்கிட்டு, ரூம்மேட்டை மாத்தி மாத்திப் போடச் சொல்லி, எது எதுன்னு கண்ணை மூடிக்கிட்டுச் சொல்லிப் பாருங்க. பத்துக்கு எத்தனை சரின்னு எழுதுங்க. வாய்ச்சவடால் விடுற ஆளைச் சாய்க்க இதைவிட நல்ல வழி கிடையாது. 1997-ல வந்த ஏ.ஏ.சி.யும், 2012-ல வந்த ஓபஸும் எம்.பி.3-யைவிடக் கெட்டிக்காரங்க, குறைஞ்ச பிட்ல நிறைய காப்பாத்துவாங்க. நீங்க விடிய விடிய அனுப்புற வாட்ஸ்அப் வாய்ஸ் நோட் ஓபஸ்தான். எம்.பி.3-க்கு ஃப்ரான்ஹோஃபர்காரங்க லைசென்ஸ் கொடுக்கிறதையே 2017-ல நிறுத்திட்டாங்க, பேட்டன்ட் காலம் முடிஞ்சுபோச்சு. ஸ்ட்ரீமிங்ல ஒரு தடவை சுருங்கின பாட்டு, ப்ளூடூத் இயர்பட்ஸுக்குப் போறப்போ பெரும்பாலும் இன்னொரு தடவை சுருங்குது. பஸ் இரைச்சல்ல அதெல்லாம் தெரியவே தெரியாது. கேட்டுட்டுப் போங்க, தப்பே இல்லை. அந்தப் பாட்டோட மாஸ்டர் எங்கேயோ ஒரு ஸ்டூடியோவுல பத்திரமா இருக்கு.

தாத்தாவுக்கு ஸ்டூடியோ இல்லை. அதுதான் பிரச்னை. வேற எங்கேயும் இல்லாத சத்தம்னா அதை எதையும் தூக்கிப் போடாம வெச்சிக்கிற வழி இருக்கு. வேவ் ஃபைலாவே வைக்கலாம். இடம் பத்தலைன்னா 2001-ல வந்த ஃப்ளாக். ஏறக்குறைய பாதியாச் சுருங்கும், திரும்ப விரிச்சா ஒரு பிட்கூட மாறாது. 'ஜிப்' பண்ற மாதிரிதான். பாட்டி தாலாட்டையோ, தாத்தா திட்டுறதையோ பதிவு பண்றப்போ போன்ல அந்த செட்டிங் எங்க இருக்குன்னு ஒரு தடவை தேடிப் பாருங்க.

பெரியப்பாகிட்ட செல்லோ டேப் விஷயத்தைச் சொல்ல எனக்கு ரெண்டு நாள் ஆச்சு. சொன்னேன். திட்டுவார்னு எதிர்பார்த்தேன். ரொம்ப நேரம் ஒண்ணும் பேசலை. அப்புறம் "உங்கப்பன்கிட்ட இருந்தது காப்பிதான்டா. மூலம் அந்த மைக்செட்காரர்கிட்டதான் இருந்துச்சு"ன்னார்.

மைக்செட்காரர் இல்லை. அவர் மகன் ஊர்ல டெக்கரேஷன் கடை வெச்சிருக்கார். பரண்ல ஒரு டிரங்குப் பெட்டி, உள்ள நூத்துக்கணக்குல கேசட், பாதிக்கு மேல பூஞ்சை. மூணு ஞாயித்துக்கிழமை உட்கார்ந்து தேடினோம். கிடைச்சுது, லேபிள்ல ஊர் பேரும் '86'-ம் மட்டும் இருந்துச்சு. ஒரு பக்கம் டேப் ஒண்ணோடொண்ணு ஒட்டிப்போய்ப் பாழ். இன்னொரு பக்கத்துல 31 நிமிஷம் தேறுச்சு. வாசிக்கிறதுக்கு டெக் வேணுமே? கும்பகோணத்துல ஒரு பழைய ரேடியோ மெக்கானிக்கைப் பிடிச்சு, கூழாப் போயிருந்த பெல்ட்டை மாத்தி, ஹெட்டைத் துடைச்சு, ஒரே தடவையில ஓடவிட்டுப் பதிவு பண்ணினோம். 164 எம்.பி. வேவ் ஃபைல். என் பழைய ஹார்டு டிஸ்க்கா இருந்தா அழுதிருக்கும்.

டேப் இரைச்சல் மழை மாதிரி கொட்டுது. நாதஸ்வரம் அங்கங்க நெளியுது. ஆனா அடி, அடியா இருக்கு.

பெரியப்பா இந்தத் தடவை ஹெட்போனைக் கழட்டலை. தொடையில விரல் ஓடிட்டே இருந்துச்சு. பத்தொன்பதாவது நிமிஷம் வந்தப்போ சட்டுனு சிரிச்சார். "இங்க நான் ஒரு அட்சரம் விட்டுட்டேன். அப்பா மெதுவா 'ம்ம்… பார்த்து'ன்னார் பாரு. உனக்குக் கேக்குதா?"

வாங்கிக் கேட்டேன். ரெண்டு அடிக்கு நடுவுல, மைக்குக்குத் தள்ளி, ஒரு தாழ்ந்த குரல். கேட்டுச்சு. தாத்தா பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. அவர் போனப்போ எனக்கு எட்டு வயசு, குரல் ஞாபகமே இல்லை.

வீட்டுக்கு வந்து பழைய 32 கே ஃபைல்ல அதே இடத்தைத் தேடிப் போட்டேன். மூணு தடவை போட்டேன். அங்க 'ஷ்ஷ்'னு மட்டும்தான் இருந்துச்சு.